பார்க்குக்கு வந்த பைங்கிளி

ஸ்ரீனிவாசராகவனுக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைப்பார் என்பது, இந்தக் குடும்பத்தை வாராவாரம் எட்டிப் பார்க்கும் உங்களுக்குத் தெரிந்த விஷயம். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கதைக்குள் போகிறேன்.

மனிதர் ஸ்ரீரங்கத்தில் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். சங்கீதம் அவருக்கு உயிர். பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். வித்வான் தாளத்தில் மயிரிழை நழுவினாலும் கண்ணாடி கழன்றுவிடும். வெளியூர் வித்வான்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு அடுத்தபடி விசாரிப்பது இவர் கண்ணாடியைப் பற்றித்தான் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மனைவி வேதவதி அதிகம் பேசமாட்டாள். மகள் சத்யபாமா, பஸ்ஸில் திருச்சிக்குப் போய்க் காலேஜில் படிக்கிறவள், அம்மாவுக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

இன்னொருவன் உண்டு. வேதவதியின் தம்பி சேஷு. அக்காவோடு அந்த வீட்டிலேயே வளர்ந்தவன். இடது கைக்காரன். வலது கையால் துருத்தி போட்டு, இடது கையால் ஆர்மோனியம் வாசிப்பான். டிராமாப் பாட்டெல்லாம் வாசிப்பான். "ஆர்மோனியமா, இந்த ஆத்துல இருக்கறதா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று ஸ்ரீனிவாசராகவன் ஒருநாள் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் ஆர்மோனியமும் இல்லை, சேஷுவும் இல்லை.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை. போனவனைப் பற்றி ஸ்ரீனிவாசராகவன் பேசுவதில்லை. அவர் வாயால் அந்தப் பெயர் வரும்வரை தானும் எடுப்பதில்லை என்று வேதவதி மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். வாய் பேசாதவர்களின் பிடிவாதத்துக்கு வயசே ஆவதில்லை.

போன வாரம் 'சங்கீத சம்ரட்சண சபை' தொடங்கியதையும், ஸ்ரீனிவாசராகவன் அதற்குக் காரியதரிசி ஆனதையும் பார்த்தோம். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சபையின் முதல் கூட்டம். 'ஜனரஞ்சக சங்கீதத்தின் அதோகதி' என்ற தலைப்பில் அவர் பேசப் போகிறார். பேசி முடித்ததும் ஒரு கிராமபோன் பிளேட்டை மேடையிலேயே உடைக்கப் போகிறார்.

எந்த பிளேட் என்று கேட்கவே வேண்டாம். அந்த வருஷம் திருச்சி ஜில்லாவில் காது இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

*பார்க்குக்கு வந்தாயே பைங்கிளியே – சும்மா*
*பக்கத்தில் உட்காரு செங்கிளியே!*

சினிமாப் பாட்டு. பால்காரர் பாடினார். ஜட்காக்காரர் பாடினார். கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வரக்காரர் ராகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பைங்கிளியைப் பிடித்தார். அதெல்லாம்கூடப் போகட்டும். ஒருநாள் கணக்கு வகுப்பில் இரண்டாம் ஃபாரம் பையன்கள் பதினாறாம் வாய்ப்பாட்டை அந்த மெட்டில் சேர்ந்து பாடினார்கள். ஒரு தப்பில்லாமல் பாடினார்கள் என்பதுதான் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரியே ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் போட்டுவிட்டார். 'பைங்கிளிக்குப் பார்க்கில் என்ன வேலை? இந்த மெட்டு நம்முடையதே அல்ல. பம்பாயிலிருந்து திருடிக் கொண்டுவந்தது. யோக்கியமான குடும்பம் எதிலும் இப்படி ஒரு மெட்டு ஒலித்திராது.'

*

சனிக்கிழமை காலை அப்பாவும் பெண்ணும் திருச்சிக்கு பஸ் ஏறினார்கள். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பைங்கிளிப் பாட்டு கல்யாணத்துல மாமிகள் பாடற நலங்குப் பாட்டு மாதிரியே இருக்கு" என்றாள் சத்யபாமா.

"நலங்குப் பாட்டா? அதெல்லாம் சங்கீதத்துல சேத்தியாடி?"

"நீங்க ஒண்ணாவது கேட்டிருக்கேளா?"

ஸ்ரீனிவாசராகவன் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். கல்யாணங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையில் உட்காரவைத்து, பெண்கள் கேலிப் பாட்டுப் பாடி நலங்கு வைக்கும் நேரத்தில், ஆண்கள் அத்தனை பேரும் கொட்டகையின் மறு கோடியில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். சீட்டாடாத இவர் எங்கே கச்சேரி என்று தேடிப் போய்விடுவார்.

"இல்லை. கேட்டதில்லை. கேக்க என்ன இருக்கு அதுல?" என்று முடித்துவிட்டார்.

பெரியகடை வீதியில் செபஸ்தியானின் கிராமபோன் கடை. ஊமத்தம்பூ மாதிரி குழாய் விரிந்த பெரிய கிராமபோன்களைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கும் விடுவார். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார், வாங்க! பைங்கிளி வேணுமா?"

"வேணும்னு சொல்லாதீங்கோ. வேண்டியிருக்குன்னு சொல்லுங்கோ."

"ஒரே ஒரு பிளேட்டுதாங்க பாக்கி. நீங்க திட்டி எழுதினதுலேருந்து கூட்டம் தாங்கலை. சாரே இவ்வளவு கோபப்படறாருன்னா அப்படி என்னதான் பாட்டுன்னு வர்றாங்க. மெட்ராஸ்லயே தீர்ந்து போச்சாம். இன்னும் ரெண்டு பாட்டைத் திட்டினீங்கன்னா கடைக்கு மாடி கட்டிடுவேன்."

கண்ணாடி கழன்றது.

"இன்னிக்கு சாயங்காலம் மேடையில இதை உடைக்கப் போறேன். மரக் கொட்டாப்புளிகூட எடுத்து வெச்சாச்சு."

"தாராளமா உடைங்க. கை தவறிப் போட்டாலே உடையுமே, கொட்டாப்புளி எதுக்குங்க?"

"ஜனங்களுக்குக் கண்ணால பாத்தாத்தான் மனசுல பதியும்."

"அதுவும் சரிதாங்க. கிராமபோனை இப்பவே கொண்டுபோயிடுங்க. எனக்கு அரியமங்கலத்துல ஒரு கல்யாணம். அதை முடிச்சிட்டு நேரா உங்க கூட்டத்துக்கு வந்து எடுத்துக்கறேன்." செபஸ்தியான் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினார். "நேத்து ஒருத்தரு வந்தாருங்க. வாசல்லயே நின்னு இதே பாட்டைக் கேட்டாரு. அப்புறம் உள்ளே வந்து, அவரே இடது கையால சாவி குடுத்து மறுபடியும் கேட்டாரு. வாங்குவீங்களான்னா, இல்லைங்கறாரு. 'மெட்டு நல்ல மெட்டு. மத்ததெல்லாம் வயித்துப் பொழைப்பு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வேடிக்கையான மனுஷன்."

"ரசிகாள் கதையெல்லாம் இன்னொரு நாளைக்குக் கேட்டுக்கறேன், செபஸ்தியான். நேரமாச்சு."

சத்யபாமா அப்போது கடைக்குள் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்துபோயிருக்கும். அவள் ஜட்கா பிடிக்கப் போயிருந்தாள். என் அதிர்ஷ்டம்.

*

வீட்டில் கிராமபோனை இறக்கிவிட்டு ஸ்ரீனிவாசராகவன் கூட்ட ஹாலுக்குப் போய்விட்டார். நாற்காலி போடுகிறவர்களை அவர் இல்லாவிட்டால் யார் திட்டுவது?

வேதவதி கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். குழாயை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"சாவி குடுத்துப் போடு" என்றாள்.

சத்யபாமாவுக்கு ஆச்சரியம். அம்மா தானாக ஒன்றைக் கேட்பதே அபூர்வம். அதுவும் இதையா? சாவி கொடுத்து, முள்ளை மாற்றி வைத்தாள். பைங்கிளி கூடம் முழுக்கக் கூவியது.

தெருவில் போகிறவர்கள் பாடுவது அந்த முதல் இரண்டு வரிதான். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியாது. முழுப் பாட்டையும் வேதவதி கேட்பது இதுதான் முதல் தடவை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் உதடு பிதுங்கியது.

"ஓட்டறான்" என்றாள்.

"என்னம்மா?"

"இந்த இடத்துல நிக்கணும். நின்னு, ஒரு சுத்துச் சுத்தி, அப்புறம் இறங்கணும். இவன் ரயிலுக்குப் போறவன் மாதிரி ஓடறான். நடுவுல டமடமன்னு என்ன அது?"

"டிரம்மும்மா."

"அலமாரியிலேருந்து பாத்திரம் விழுந்த மாதிரி இருக்கு. வார்த்தையைப் பாரு, பார்க்காம், கிளியாம். கண்றாவி."

சத்யபாமா சிரித்துவிட்டாள். "அப்பா எழுதினதையே சொல்றியே!"

"அவர் சொல்றதுல என்ன தப்பு? பாட்டெல்லாம் கெட்டுத்தான் போயிடுத்து. இப்படி நல்லா இருந்ததையும் எடுத்துக் கெடுக்கறா."

"அம்மா, நம்மூர் நலங்குப் பாட்டுதானே இது? 'பாட்டுக்குத் தலையாட்டும் பண்டிதரே'ன்னு கோதை மாமி பாடுவாளே? அதை யார் கட்டினா?"

"நான்தான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், சாத்தமுதுக்கு உப்புப் போட்டாயா என்று கேட்டால் சொல்வாளே, அப்படி.

"நீயா! யாருக்காகக் கட்டினே?"

"எனக்கு ஆன கல்யாணம் ஒண்ணுதானேடி" என்றாள் வேதவதி. அவள் முகம் கொஞ்சம் சிவந்தது.

சத்யபாமாவுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் பிளேட்டில் இரண்டாவது அடி ஆரம்பித்தது. மெட்டு மேலே ஏறி, இறங்குமா இறங்காதா என்று நம்மை ஏங்க வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே வந்து உட்கார்ந்தது. வேதவதியும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்ப வை."

திரும்ப வைத்தாள். வேதவதி குழாயின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"அம்மா! என்னம்மா?"

"இந்த ரெண்டாவது அடி நலங்குல பாடினது இல்லை. கல்யாணம் ஆகி வந்தப்புறம் கட்டினேன். கோதைக்குக்கூடத் தெரியாது. இது தெரிஞ்சு, இதை வாசிக்கவும் தெரிஞ்சவன் லோகத்துலயே ஒருத்தன்தான்."

சத்யபாமாவுக்குப் புரிந்துவிட்டது. "மாமாவா?"

வேதவதி தலையை மட்டும் ஆட்டினாள். "இருக்கானா, இல்லையான்னுகூடத் தெரியாம இத்தனை நாள் பெருமாள்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியாம நின்னிருக்கேன். இருக்கான். எங்கேயோ உக்காந்து என் பாட்டை வாசிச்சுக் குடுத்திருக்கான்."

பிளேட்டில் பாடினவர் பெயர் இருந்தது. படத்தின் பெயர் இருந்தது. மெட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் பெயரை எந்தக் கம்பெனி போடுகிறது?

"அப்பாகிட்ட இப்பவே சொல்லிடலாம்மா."

"சொல்லமாட்டேன். நீயும் சொல்லப்படாது. போகச் சொன்னவர் கேக்கட்டும், சொல்றேன்."

"சாயங்காலம் உடைச்சுடுவார்! கடையில வேற பிளேட்டே பாக்கி இல்லை. ஒளிச்சு வெச்சுடட்டுமா?"

"நாலு பேருக்கு முன்னாடி அவர் வெறுங்கையோட நிக்கணுமா? வேண்டாம்." வேதவதி பிளேட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தாள். "உடைச்சா உடைக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, பிளேட்டைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சத்யபாமாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து இப்படி ஒருத்தரை ஒருத்தர் படுத்துவார்களா! அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள்? அடுத்த வீட்டில் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே. தெருவில் இறங்கினாள்.

அடுத்த வீட்டுக் கோதைநாயகி, வேதவதியின் வயசுக்காரி. ஸ்ரீரங்கத்தில் கோதை மாமி பாடாமல் ஒரு நலங்கு நடந்ததில்லை. பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இன்னிக்கு அப்பா பேசற கூட்டத்துக்கு நீங்க வரணும்."

"உங்கப்பா பேசறதுக்கா? பெருமாளே! போன தடவை கேட்டுட்டு எனக்கு ரெண்டு நாள் தலைவலி."

"இந்தத் தடவை கிராமபோன் வெக்கறார். 'பண்டிதரே' பாட்டுதான். அது பம்பாய்லேருந்து வந்ததுன்னு சொல்லப் போறார்."

கோதைநாயகியின் கையில் பூ நின்றுவிட்டது.

"நம்ம வேதம் பாட்டையா? சினிமாக்காரன் எடுத்துண்டதும் நாங்க எல்லாரும் குளத்தங்கரையிலே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாச்சு. ஆம்பளைகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போறதுன்னு விட்டுட்டோம். பம்பாயாமே, பம்பாய்!" பூவை அப்படியே கூடையில் போட்டாள். "எத்தனை பேர் வேணும் உனக்கு?"

*

சங்கீதப் பிரசங்கங்களில் பெண்கள் பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அன்று உட்கார இடமில்லை. சபைத் தலைவர் அழகியமணவாளன், ரிட்டயரான தாசில்தார், சந்தோஷம் தாங்காமல் காரியதரிசியின் காதில், "உம்ம கட்டுரை பெண்டுகள் மனசையே தொட்டுட்டது, ஓய்!" என்றார்.

வேதவதி கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் கிராமபோன். பக்கத்தில் கொட்டாப்புளி. அவள் கொட்டாப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்யபாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் நன்றாகவே பேசினார். நான் கேலி செய்கிறேனே தவிர, அவர் சொன்னதில் பாதிக்குமேல் எனக்கும் சம்மதம்தான்.

"பிளேட்டோட அளவு மூணு நிமிஷம். அதனால பாட்டையும் மூணு நிமிஷத்துக்கு நறுக்கியாச்சு. காலுக்குச் செருப்பு வாங்கறதை விட்டுட்டு, செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கறோம்! பத்து ஃபிடிலை வெச்சுண்டு ரம்பம் அறுக்கற மாதிரி அறுக்கறா. வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. முன்னெல்லாம் மனுஷா பாடினா. இனிமே ஒவ்வொரு ஆத்துலயும் சாவி குடுப்பா, உக்காந்து கேப்பா. பாடறதுங்கற வழக்கமே அத்துப் போயிடும். எழுதி வெச்சுக்கோங்கோ!"

கைதட்டல். செபஸ்தியான் அரியமங்கலம் கல்யாணத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க அப்போதுதான் வந்து வாசற்படியில் நின்றார். அவரும் கைதட்டினார்.

"இதோ, பம்பாயிலிருந்து வந்த அந்தச் சரக்கைக் கடைசித் தடவையாக் கேளுங்கோ. இப்படி ஒரு மெட்டு நம்ம கிருஹங்கள்ல என்னிக்காவது கேட்டதுண்டான்னு நீங்களே சொல்லுங்கோ."

சாவி கொடுத்தார். முள்ளை வைத்தார். பைங்கிளி பார்க்குக்கு வந்தது.

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்புச் சத்தம். அடுத்தாற்போல் வளையல் சத்தம். யாரோ தாளம் போட ஆரம்பித்தார்கள். கோதைநாயகி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

*பாட்டுக்குத் தலையாட்டும் பண்டிதரே – கொஞ்சம்*
*பக்கத்தில் இருப்போரைப் பாரும், ஐயே!*

ஒரு குரல் பத்துக் குரலாயிற்று. பத்து ஐம்பதாயிற்று. கிராமபோன் ஓடிற்று, இவர்கள் ஓடவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்று, சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றி, அழகாக இறங்கினார்கள்.

ஸ்ரீனிவாசராகவன் பதறிப்போய் முள்ளை எடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

கையில் முள்ளோடு நின்றார். பிளேட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு ஹால் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, தொடையில் தாளம் போட்டது. ஒரு இடத்தில்கூட அவருக்குக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றவில்லை.

பாடி முடித்ததும் ஆண்கள் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன பாட்டு இது?" என்று கேட்டார் ஸ்ரீனிவாசராகவன்.

"நலங்குப் பாட்டு!" என்றாள் கோதைநாயகி. ஆயிரம் நலங்கு பாடிய குரல் அது; மைக் வேண்டியதில்லை. "ஸ்ரீரங்கத்துல இதைப் பாடாம ஒரு கல்யாணம் ஆனதில்லை. நீங்கள்லாம் சீட்டாடப் போயிடறேள், யார் கேக்கறேள்? பம்பாய்லேருந்து இறக்குமதின்னு எழுதினேளே, உங்காத்து தளிகையுள்ளேருந்து, அடுப்பங்கரையிலேருந்து, ஏத்துமதியான சரக்கு இது. வேதம் கட்டின பாட்டு!"

"எங்காத்து வேதமா?"

"ஆமாம். உங்க கல்யாணத்து நலங்குல பாடினா. நான்தான் மஞ்சள் தட்டை வெச்சுண்டு நின்னேன். அந்தப் பண்டிதர் யாருன்னு நெனச்சேள்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. தாசில்தார் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஸ்ரீனிவாசராகவனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மணையில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் உருட்டினார்கள். தலையில் அப்பளம் உடைத்தார்கள். யாரோ பாடினார்கள். அவர் காது முழுக்க அன்று அடுத்த தெருவில் நடக்கவிருந்த கச்சேரியின் மேல் இருந்தது. நலங்கு முடிவதற்குள் எழுந்து ஓடியதும் ஞாபகம் வந்தது. அந்தக் கச்சேரியில் என்ன பாடினார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வார். பக்கத்தில் இருந்தவள் பாடியது ஒரு எழுத்துக்கூட ஞாபகம் இல்லை.

வேறு மனிதராக இருந்தால் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக் கூட்டத்தை முடித்திருப்பார். இவர் கணக்கு வாத்தியார். விடை வந்தபிறகும் சரிபார்ப்பார்.

"பிளேட்ல ரெண்டாவது அடி ஒண்ணு இருக்கு, கடையில முழுசாக் கேட்டேன். இதைவிடவும் ஒஸ்தியா இருக்கு. அதை நீங்க யாரும் பாடலியே?"

கோதைநாயகி விழித்தாள். "ரெண்டாவது அடியா? அப்படி ஒண்ணு கிடையாதே."

எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். வேதவதி எழுந்து நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்டு. அதை ரெண்டே பேருக்குத்தான் பாடிக் காட்டினேன்" என்றாள். சின்னக் குரல்தான். ஹால் அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் மேடைவரை கேட்டது. "ஒருத்தர் பாதியிலேயே தூங்கிப் போயிட்டார்."

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொருத்தர்?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

வேதவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேஜைமேல் இருந்த கொட்டாப்புளியைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். கொட்டாப்புளியை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

"சேஷு" என்றார். "சேஷு எங்கே இருக்கான், வேதம்?"

வேதவதி அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆறு வருஷத்து அழுகை. சத்யபாமா அம்மாவைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நடுவே சிரிக்கவும் செய்தாள்.

"எங்கே இருக்கார்னு தெரியாதுப்பா. ஆனா இந்த மெட்டை வாசிச்சது எங்க மாமாதான்" என்று சுற்றியிருந்தவர்களுக்கும் சேர்த்து அவளே விளக்கம் சொன்னாள். "மாமா இடது கையாலதான் ஆர்மோனியம் வாசிப்பார்…"

"இடது கையா?" வாசற்படியிலிருந்து செபஸ்தியான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சார்! காலையில சொன்னேனேங்க! இடது கையால சாவி குடுத்தவரு!"

ஸ்ரீனிவாசராகவன் மேடையிலிருந்து குதித்தே இறங்கினார். "எங்கே போனான்? சொல்லுங்கோ, எங்கே போறதாச் சொன்னான்?"

"சமயபுரம் பஸ் எங்கே நிக்கும்னு கேட்டாருங்க. அம்மன் கோயில்ல ஏதோ வேண்டுதலாம், ரெண்டு மூணு நாள் தங்கணும்னாரு. கூட ஒரு அம்மா இருந்தாங்க. கடைக்குள்ளே வரலை. கையில குழந்தை."

"குழந்தையா!" என்றாள் வேதவதி. அழுகை பாதியில் நின்றது.

தாசில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓய் காரியதரிசி, அப்போ தீர்மானம் என்ன ஆறது? பாட்டு கெட்டுப் போச்சா, இல்லையா?"

"கெட்டுத்தான் போச்சு! அதை நான் வாபஸ் வாங்கலை" என்றார் ஸ்ரீனிவாசராகவன், பெண்டாட்டி பக்கம் நடந்துகொண்டே. "வார்த்தை குப்பை. டிரம் குப்பை. மெட்டு மட்டும் தங்கம். பாடற வழக்கம் அத்துப் போயிடும்னு சொன்னேனே, அதை மட்டும் அடிச்சுடுங்கோ."

*

ஹால் வாசலில் ஜட்கா நின்றது. மாமிகள் பைங்கிளியை விட்டுவிட்டுப் பண்டிதரைப் பாடிக்கொண்டே வீதியில் கலைந்து போனார்கள். பிளேட் வேதவதியின் கையில் இருந்தது.

"வேதம்."

"சொல்லுங்கோ."

"அந்த ரெண்டாவது அடியைப் பாடு. இந்தத் தடவை தூங்கமாட்டேன்."

"ஆர்மோனியம் இல்லாம அதைப் பாடறதா இல்லை" என்றாள் வேதவதி.

ஸ்ரீனிவாசராகவன் தலையை ஆட்டினார். நியாயமான கணக்குக்கு மறுப்பு ஏது?

சத்யபாமாதான் கவலைப்பட்டாள். "சமயபுரத்துல அவ்வளவு கூட்டத்துல மாமாவை எங்கேன்னு தேடறது? எந்தச் சத்திரமோ, எந்தக் கொட்டகையோ? அப்பாவைப் பார்த்தா இன்னும் உள்ளே போய் ஒளிஞ்சுப்பாரே!"

வேதவதி செபஸ்தியான் பக்கம் திரும்பினாள். அவர் கிராமபோன் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இது எங்காத்துலயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள். "சமயபுரம் கடைத்தெருவுல வெச்சு இந்தப் பாட்டைப் போட்டுண்டே போனா, எங்கே இருந்தாலும் வெளியிலே வருவான். தன் வாசிப்பு கேட்டா அவனால உக்காந்திருக்க முடியாது."

"தாராளமா எடுத்துப் போங்கம்மா!"

ஸ்ரீனிவாசராகவன் திகைத்துப்போனார். "சமயபுரம் கடைத்தெருவுலயா? பட்டப்பகல்லயா? சங்கீத சம்ரட்சண சபைக் காரியதரிசி, பைங்கிளியைப் போட்டுண்டு, தெருத்தெருவா…"

கண்ணாடி கழன்றது. ஜட்காக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அங்கவஸ்திரத்தின் நுனியால் இரண்டு வில்லைகளையும் நிதானமாகத் துடைத்தார். அவை நனைந்திருந்தன. மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"குழாயை நான் தூக்கிக்கறேன்" என்றார். "சாவி நீ குடு."